மண் தடம் பார்த்து டிராக்டர் பிரேக்கைச் சமப்படுத்தலாம்

டிரம் பிரேக் உள்ள பழைய டிராக்டரில் பிரேக் அட்ஜஸ்ட்மென்ட் முடிந்ததும் ட்ரெய்லரைக் கழற்றுங்கள். இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரண்டு பிரேக் பெடலையும் லாக் போட்டு இணைத்து, சமமான புழுதித் தரையில் மெதுவாக ஓட்டி ஒரே அழுத்தாக மிதியுங்கள். இறங்கிப் பின்சக்கரத் தடத்தைப் பாருங்கள். இழுபட்ட கோடு எந்தப் பக்கம் நீளமோ, அந்தப் பக்க அட்ஜஸ்டரை ஒரு பல் தளர்த்தி மறுபடி ஓட்டுங்கள். இரண்டு கோடும் ஒன்றுபோல் விழ வேண்டும்.

வரப்போரம் திருப்பும்போது ஒரு பக்கப் பெடலையே அடிக்கடி மிதிப்போம். அந்தப் பக்க லைனிங் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை) சீக்கிரம் தேயும். சமப்படுத்தாமல் அப்படியே சாலையில் பெடலை இணைத்து மிதித்தால் இறுக்கமான பக்கம் முதலில் பிடித்து வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பின்னால் பாரம் இருந்தால் கவிழக்கூட வாய்ப்புண்டு.

லைனிங்கில் எண்ணெய் ஊறியிருந்தால் இந்த வேலை பலிக்காது. டிரம்மைக் கழற்றும்போதே எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டும். பெட்ரோலில் கழுவினாலும் சூடேறியதும் எண்ணெய் திரும்பக் கசியும். முதலில் ஆக்சில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்), பிறகு இரண்டு பக்க லைனிங்கும் சேர்த்தே மாற்றுங்கள். லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட் தலை டிரம்மை உரசும் அளவு தேய்ந்திருந்தாலும் லைனிங் மாற்றுவதுதான் வழி.