வார்னிங் குவியலை எங்கிருந்து பிரிப்பது?

காவடிக்கு முந்தின நாள் சாயங்காலம். மொரிஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி, "அண்ணே, சி++ புரோகிராமைக் கம்பைல் பண்ணினா வார்னிங் ஆயிரத்தைத் தாண்டுது, எங்கே தொடங்குறது?" என்று திரையைக் காட்டினார். எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், 'இங்கே தவறு இருக்கலாம்' என்று சொல்வதுதான் வார்னிங்.

மேலிருந்து வரிவரியாகப் படிக்காதீர்கள். முதலில், முன்பு கம்பைல் செய்ததில் உருவான பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழித்துவிட்டு முழுசாகக் கம்பைல் செய்யுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக மாற்றிய ஃபைல்களின் வார்னிங் மட்டுமே கண்ணில் படும். எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேமியுங்கள். ஜிசிசி என்ற கம்பைலர் பெரும்பாலான வார்னிங்குகளின் கடைசியில் அவற்றின் வகையைச் சதுர அடைப்புக்குள் எழுதும். அதை மட்டும் கிரெப் என்ற தேடும் கட்டளையால் உருவி, வரிசைப்படுத்தும் சார்ட், ஒரே வரிகளைச் சேர்த்து எண்ணும் யூனிக் கட்டளைகள் வழியாக எண்ணினால் வகைவாரியாகக் கணக்கு வந்துவிடும். பல ஃபைல்களுக்குப் பொதுவான ஒரு ஹெடர் ஃபைலை நூறு இடத்தில் சேர்த்திருந்தால் ஒரே வார்னிங் நூறு முறை வரும். அதை முதலில் திருத்துங்கள்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு வார்னிங்கைத் திருத்தியதும், அதே எழுத்துமுறை வேறு எங்கே இருக்கிறது என்று ரிப்கிரெப் என்ற தேடும் கருவியில் தேடுங்கள். ஓர் உதாரணம்: ஒரு லூப்பில், மைனஸ் எண்ணும் ஏற்கும் இன்ட் மாறியை, வெக்டர் என்ற பட்டியலின் சைஸிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண்ணோடு ஒப்பிட்டால் கம்பைலர் எச்சரிக்கும். இரண்டு பக்கமும் அன்சைன்டாக, அதாவது மைனஸ் எண் ஏற்காத வகையாக, இருந்தால் வாயே திறக்காது. ஆனால் வெக்டர் காலியாக இருந்தால் 64 பிட் கணினியில் அந்தக் கழித்தல் 18446744073709551615 ஆகிவிடும். இப்படி வார்னிங்கே வராத மூன்று இடங்கள் அன்று எங்களுக்குச் சிக்கின. ஒன்று, பில் தொகை கூட்டும் லூப்பில்.