வணிகவியல் வகுப்பில் வி.ஆர்.: ஆசிரியரின் தயக்கத்திலிருந்து தொடங்குங்கள்

வேலூர் வட்டாரக் கல்லூரியொன்றின் வணிகவியல் துறைக்கு வி.ஆர். கருவி (கண்ணில் அணிந்தால் காட்சிக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் மெய்நிகர் கருவி) வாங்க நினைக்கும் துறைத்தலைவர், விலைப்பட்டியலைக் கையில் எடுக்கும் முன் தம் ஆசிரியர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தப் பாடத்துக்குக் கரும்பலகை போதவில்லை? கருவியைக் கையாள்வதில் எது தயங்க வைக்கிறது? 1989-இல் ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரியும், பயன் உண்டு, கையாள எளிது என்ற இரண்டு எண்ணங்களைத்தான் ஏற்புக்கு அடிப்படையாகக் கொள்கிறது.

முதல் கேள்விக்கு நம் பக்கத்திலேயே விடை இருக்கிறது. உற்பத்திச் செலவைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடும் பிராசஸ் காஸ்டிங் கணக்குகளில் ‘செய்முறை 1’, ‘செய்முறை 2’ என்று முகமில்லாமல் வருபவை, ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் பச்சைத்தோல் வெட் புளூவாகி (குரோம் உப்பில் பதனிட்ட ஈரத்தோல்), கிரஸ்டாகி (உலர்த்திய, மெருகேற்றாத தோல்), மெருகேற்றிய தோலாக முடியும் கட்டங்களாகக் கண்முன் நடக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் சீவியும் நறுக்கியும் நீக்கப்படும் கழிவைப் பார்த்த மாணவருக்குச் சாதாரண நட்டம், அதாவது உற்பத்தியில் தவிர்க்க முடியாத இழப்பு, என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இராது. நாற்பது பேரை ஒரே நேரத்தில் இரைச்சலும் ரசாயனமும் நிறைந்த கூடத்துக்குள் அழைத்துச் செல்வது கடினம் என்பதால், உரிமையாளரிடம் எழுத்துமூலமும் தொழிலாளரிடம் நேரிலும் ஒப்புதல் பெற்று, சுற்றிலும் படம்பிடிக்கும் 360 டிகிரி கேமராவால், வி.ஆர். கருவியில் காட்டுவதற்காகக் கட்டத்துக்கு இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். கேமராவை முக்காலியில் கண்மட்ட உயரத்தில் அசையாமல் நிறுத்துங்கள். நகரும் காட்சியைக் கண் காணும்போது உள்காது அசைவை உணராததால்தான் தலைசுற்றுகிறது.

இரண்டாவது கேள்விதான் கனமானது. பல ஆண்டுகள் வகுப்பை நடத்திய ஒருவர், மாணவர் முன்னிலையில் பொத்தான் தெரியாமல் தடுமாற நேருமோ என்று அஞ்சுவது மதிக்கத்தக்க அச்சம். ஆகவே முதல் முறை அவர் மாணவர் இல்லாத அறையில், நாற்காலியில் அமர்ந்து, ஐந்து நிமிடம் மட்டும் அணிந்து பார்க்கட்டும். தலைசுற்றினால் உடனே கழற்றிவிடலாம். வகுப்பன்று கருவியைக் கவனிக்க ஆய்வக உதவியாளர் ஒருவர் உடனிருந்தால், ஆசிரியர் பாடத்தை மட்டும் பார்த்துக்கொள்வார்.

ஒரே கருவிதான் இருக்கிறதென்றால், ஒரு மாணவர் காண்பதைப் புரொஜெக்டரில் மற்றவர்களுக்கும் காட்டலாம். மின்கலம் ஏறக்குறைய இரண்டு மணி நேரமே தாங்கும். முந்தைய நாளே மின்னேற்றி வையுங்கள். சித்திரை வெயிலில் வியர்வை படியும் முகப்பஞ்சை ஒவ்வொருவருக்கும் இடையில் துடைக்க வேண்டும்.

மறுக்கும் ஆசிரியரைக் கட்டாயப்படுத்தாதீர்கள்; அவரது பணி மதிப்பீட்டிலும் இதைச் சேர்க்காதீர்கள். நடத்திக் காட்டும் சக ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் வந்து அமர அவரை அழையுங்கள். மறுநாள் அதே நட்டக் கணக்கை மாணவர்கள் கரும்பலகையில் போடும்போதும் அவர் இருக்கட்டும்.