கிரேக்கக் கடற்படைத் தளபதிகள்: எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

பெரும்பாலும் முதல் சறுக்கல் ஏதென்ஸ் தளபதி தெமிஸ்டோக்ளிஸிடம்தான். கி.மு. 480இல் சலாமிஸில் பாரசீகரை வென்ற கூட்டணிக்கு அவரே தலைமைத் தளபதி என்று எழுதிவிடுகிறோம். திட்டம் அவருடையது, சரி. தலைமை ஸ்பார்டாவின் யூரிபியாடிஸிடம் இருந்தது. கப்பல்களில் ஏறக்குறைய பாதி ஏதென்ஸுடையவை. ஆனாலும் ஏதென்ஸ்காரருக்குக் கீழே போரிட மற்ற நகரங்கள் ஒப்பவில்லை.

ஏதென்ஸில் கடலுக்கென்று தனி அட்மிரல் கிடையாது. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துத் தளபதிகளே தரையையும் கடலையும் பார்த்துக்கொண்டார்கள். சாமோஸ் போரின்போது நாடகாசிரியர் சோஃபோக்ளிஸ்கூட அந்தப் பத்துப் பேரில் ஒருவர். ஸ்பார்டாவில் தனிப் பதவி உண்டு, ஆனால் ஒருவருக்கு ஒரு முறைதான். கி.மு. 405இல், ஏற்கெனவே அந்தப் பதவியில் இருந்துவிட்ட லைசாண்டர் மறுபடி தேவைப்பட்டதும் அராகஸ் என்பவரைப் பெயருக்குத் தளபதியாக்கி, லைசாண்டரைத் துணையாக அனுப்பினார்கள். இந்த வித்தை நமக்கும் தெரிந்ததுதான்!

துடுப்பு வலித்தவர்கள் சங்கிலியில் கட்டிய அடிமைகள் என்பது சினிமா. பெரும்பாலோர் கூலி வாங்கிய சுதந்திர மனிதர்கள்.

வென்ற தளபதிக்கு மாலை மரியாதை நிச்சயம் என்றும் நினைத்துவிடக் கூடாது. கி.மு. 406இல் ஆர்கினுசே கடற்போரில் ஏதென்ஸ் ஸ்பார்டாவை வென்றது. புயலில் தத்தளித்த தம் ஆட்களை மீட்கவில்லை என்று, ஊர் திரும்பிய ஆறு தளபதிகளுக்கும் மரண தண்டனை விதித்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தளபதியின் திறமையை மோதலில் மட்டும் தேடுவது. ட்ரைரீம் என்ற மூன்றடுக்குத் துடுப்புப் போர்க்கப்பல் ஒன்றில் சுமார் 200 பேர். சமைக்கவோ படுக்கவோ இடமில்லை. சாப்பாட்டுக்குக் கரையேறியே ஆக வேண்டும். ஆகவே எந்தக் கரை என்பதே பாதிப் போர். கி.மு. 405இல் ஈகோஸ்பொடாமியில் ஏதென்ஸ் தளபதிகள் சந்தையோ துறைமுகமோ இல்லாத கடற்கரையில் கப்பல்களை நிறுத்தினார்கள். துறைமுகமுள்ள செஸ்டோஸ் நகருக்குப் போய்விடுங்கள் என்று ஏதென்ஸின் முன்னாள் தளபதி அல்கிபியாடிஸ் நேரில் வந்து சொன்னார். "இப்போது தளபதிகள் நாங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எதிர்க்கரையிலிருந்து லைசாண்டர் நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் ஆட்கள் சாப்பாடு தேடிச் சிதறியதும் பாய்ந்தார். பெரும்பாலான கப்பல்கள் கரையிலேயே பிடிபட்டன.

ஏதென்ஸ் தளபதிகளில் விழிப்பாக இருந்த கோனன் சில கப்பல்களோடு தப்பினார். போகிற போக்கில், லைசாண்டர் கரையில் கழற்றி வைத்திருந்த பெரிய பாய்களையும் அள்ளிக்கொண்டார். பாய் இல்லாமல் துரத்துவது கடினம் அல்லவா? அப்புறம் அவர் ஏதென்ஸ் பக்கமே போகவில்லை. வென்ற ஆறு பேரின் கதி தெரிந்தவர். நேராக சைப்ரஸுக்குப் போய்விட்டார்.