நகல் கார்பைனுக்கு ஈயக் குண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருமருந்தில் (பழங்கால வெடிமருந்தில்) சுடும் பழைய கார்பைன்களின், அதாவது குட்டைத் துப்பாக்கிகளின், நகலைப் புதிதாக வாங்குகிறவர்கள் பலரும் அதற்கு ஈயக் குண்டு வார்க்கும்போது ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். தொடக்கத்தில் நானும் விழுந்த இடம் என்பதால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஈயம் உருக்கும்போது காற்றோட்டம் வேண்டும், உருகிய ஈயத்தில் சொட்டுத் தண்ணீர்கூட படக்கூடாது, முடித்ததும் கை கழுவ வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள், விட்டுவிடுகிறேன்.

கடினமான ஈயம்தான் நல்லது என்று நினைப்பது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தரும் தவறு இது. 1861 மாடல் என்ஃபீல்டு மஸ்கட்டூன் என்ற கார்பைனின் நகல் வைத்திருந்த நண்பர் ஒருவர், கார் சக்கரத்தில் மாட்டும் ஈய எடைகளை உருக்கி மினியே குண்டு (அடியில் குழிவான கூர்முனைக் குண்டு) வார்த்தார். பளபளவென்று, விளிம்பெல்லாம் கூராக, அழகாகத்தான் வந்தன. சுட்டுப் பார்த்தால் தாளில் வட்ட ஓட்டையே இல்லை. குண்டு புரண்டுபோய்ப் பக்கவாட்டில் அடித்திருந்தது. சைட்டை மாற்றினார், மருந்தை மாற்றினார், கடைசியில் புதுக் குழலுக்கே பணம் கட்டிவிட்டார். அப்புறம்தான் இலக்குக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைக் கிளறி ஒரு குண்டை எடுத்தோம். அதன் அடிச்சுவரில் முறுக்குவரியின், அதாவது குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டியிருக்கும் சுருள் பள்ளத்தின், தடமே இல்லை.

மினியே குண்டு குழலின் வாய்வழியே இறங்க வேண்டும் என்பதால் குழலைவிடச் சற்றுச் சிறியது. மருந்து எரிந்த வாயு அடிக்குழிக்குள் புகுந்து அந்த மெல்லிய சுவரை விரித்து வரிகளில் அழுத்தினால்தான் குண்டு சுழலும். சுத்த ஈயத்தின் பிரினெல் கடினம் (உலோகம் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்) சுமார் 5. ஈயத்தைக் கடினமாக்கும் அன்டிமனி கலந்த சக்கர எடை 10, 12 வரை போகும். கருமருந்தின் அழுத்தத்துக்கு அது சரியாக விரிந்து கொடுக்காது.

இன்னொரு வம்பும் உண்டு. அன்டிமனி கலந்த ஈயம் ஆறும்போது குறைவாகச் சுருங்கும். அதே அச்சில் குண்டு கொஞ்சம் பருத்து வரும். பாதிக் குழலில் சிக்கினால் தயவுசெய்து சுடாதீர்கள். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே இடைவெளி இருந்தால் குழல் புடைக்கும், வெடிக்கவும் கூடும்.

நகத்தால் கீறிப் பாருங்கள், சுத்த ஈயத்தில் கோடு விழும். வார்த்த அன்றே சோதித்து முடிவு செய்ய வேண்டாம். சக்கர எடைக் கலவை அடுத்தடுத்த நாட்களில் மேலும் இறுகும்.

ஷார்ப்ஸ் மாதிரி பின்பக்கம் திறந்து குண்டு போடும் கார்பைன் என்றால் விஷயம் வேறு. அங்கே குண்டு வரிப்பள்ளத்தின் விட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை கூடவோ இருக்கும். விரிந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் சேர்த்த, பிரினெல் 10 அளவிலான கலவையும் அதில் ஒத்துப்போகும்.

துத்தநாகம்

சட்டியில் கலந்துவிட்டால் அந்த ஈயம் வார்ப்புக்கு ஆகாது. ஒதுக்கிவிடுங்கள்.

பெட்டியில் எழுதிய அளவை நம்புவது

.577 அங்குலம் என்று போட்டிருக்கும் குழல் விட்டம் பெயரளவுதான். நகல்களில் குழலுக்குக் குழல் அளவு மாறும். அளவுக் கம்பிகளைக் குழலின் வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழைகிற பெரிய கம்பிதான் உங்கள் குழலின் அளவு. மினியே குண்டு அதைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் குறைவாக இருக்கட்டும். அச்சு வாங்குவது அதற்கப்புறம்.

எடை

நீளமான கனக் குண்டு, வரிகளின் முறுக்கு குறைவான குழலில் புரளாமல் நிலைக்காது. அந்தக் கார்பைனின் பழைய ராணுவக் குண்டு அளவிலிருந்தே தொடங்குங்கள்.

மசகு

குண்டில் பூச பெட்ரோலிய கிரீஸ் வேண்டாம். மருந்துக் கசடோடு சேர்ந்து தார்போல இறுகிவிடும். தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் போதும்.