உயிர்த்தெழுந்த ஞாயிறு: எல்லையோர ஊரில் விடியற்காலப் பிரசங்கம்

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களில் நடக்கும் ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் கலந்தே கேட்பார்கள். 8 நிமிடப் பேச்சு மொழிபெயர்ப்போடு 16 ஆகிவிடும். அதற்கு மேல் நீட்டாதீர்கள், வயதானவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். மொழிபெயர்ப்பவரிடம் முந்தின நாளே வசனங்களைக் கொடுங்கள். ‘உயிர்த்தெழுதல்’ மலையாளத்தில் ‘உயிர்த்தெழுந்நேல்ப்பு’. காதுக்கு உடனே பிடிபடும்.

1 கொரிந்தியர் 15:3-8ஐ எடுங்கள். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், தரிசனமானார். பலர் தாண்டிப் போவது அடக்கத்தைத்தான். அதை விட்டால், ‘அவர் ஆவியாக வாழ்கிறார்’ என்றே கேட்பவர் எடுத்துக்கொள்வார். சரீரம் எழுந்தது என்ற நற்செய்தியே நழுவிவிடும். லூக்கா 24:39-43ஐச் சேர்த்து வாசியுங்கள். கைகால்களைக் காட்டினார், பொரித்த மீன் சாப்பிட்டார். பொழியூர் போன்ற கடற்கரை ஊர்களில் இதற்கு விளக்கமே வேண்டாம்.

முதலில் செய்தி கொண்டுபோனது மகதலேனா மரியாள் (யோவான் 20:18). ஆகவே வாசிப்பைப் பெண்களிடம் கொடுங்கள்.

இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. 5 மணி ஆராதனை என்றால் வெறுங்குரல்தான். காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள்.

‘நீங்கள் புறப்பட்டுப்போய்’ என்று இயேசு சொன்ன மத்தேயு 28:19ஐ வாசித்ததோடு விடாதீர்கள். இருவர் இருவராக, அந்த வாரத்துக்குள் ஒரு வீட்டைச் சந்தியுங்கள். உள்ளே போகுமுன் அனுமதி கேளுங்கள். துக்க வீடானால் வாதம் கூடாது. முதலில் உட்கார்ந்து கேளுங்கள், வீட்டார் விரும்பினால் மட்டும் ஜெபியுங்கள்.