கோளாறு டப்பாவில் இருந்தது

ஜப்பானின் நாகானோ மலை ஓடையில் தூண்டில் போட்டு 3 நாள் வீண். இவானா மீன் மேலே வரும், கெபாரியை, அதாவது கொக்கியில் இறகு கட்டிய போலிப் பூச்சியைப் பார்க்கும், திரும்பிவிடும். டென்காரா என்ற இந்த ஜப்பானியத் தூண்டில் முறையில் கயிறு சுற்றும் ரீல் கிடையாது, அதனால் சந்தேகமெல்லாம் கெபாரி மீதுதான். கறுப்பு, பழுப்பு, சின்னக் கொக்கி, பெரிய கொக்கி என்று மாற்றினேன். கயிறு நீரில் படாமல் தூக்கியும் பிடித்தேன். அதே கதை.

அப்புறம் ஒரு கெபாரியைக் காலடித் தண்ணீரில் விட்டு, கோல் நுனியை மெல்ல ஆட்டினேன். சகாசா என்ற இந்த வகைக் கெபாரியின் இறகு கொக்கியின் கண் (கயிறு கட்டும் துளை) பக்கம் சாய்ந்திருக்கும். இழுத்தால் மடங்கும், விட்டால் விரியும். என்னுடையது விரியவே இல்லை. கெபாரி வைத்திருந்தது ஆழமில்லாத டப்பா, மூடி எல்லா இறகையும் அமுக்கியிருக்கிறது! வகை மாற்றி என்ன பயன்?

கெட்டில் ஆவியில் சில நொடி காட்டினேன், இறகு எழுந்துகொண்டது. மறுநாள் அதே பழுப்பு கெபாரி, இரண்டாவது வீச்சிலேயே இவானா.