நீலகிரி மலை ரயில் மாடலுக்குக் கருங்கல் சுவர் செய்வது எப்படி?

மாடல் ரயில் செய்கிறவர்களில் சிலர் இன்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். சுவர் என்று வரும்போது மட்டும் கல் படம் அச்சடித்த காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். கிட்டே போனால் காகிதம் என்று தெரிந்துவிடும். நூறு இருநூறு ரூபாய்ப் பொருளில் நிஜமாகவே கல் கல்லாகச் செதுக்கிவிடலாம்.

இங்கே 1899-இல் திறந்த மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப்பாதையை எடுத்துக்கொள்வோம். மலைச்சரிவை வெட்டிப் போட்ட பாதை என்பதால் தாங்குசுவர் இல்லாமல் அதை மாடலாக்க முடியாது.

வாங்க வேண்டியவை

ஒரு செ.மீ. தடிமனில் எக்ஸ்பிஎஸ் ஃபோம் ஷீட் (கூரையில் வெப்பம் தடுக்கப் போடும் கெட்டியான நீல அல்லது ரோஸ் நிற ஷீட்), புது பிளேடு போட்ட கட்டர், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, அலுமினியம் ஃபாயில், ஃபெவிகால், அக்ரிலிக் பெயிண்ட். தெர்மாகோல் வேண்டாம். கீறினால் உருண்டை உருண்டையாகப் பெயர்ந்து வரும்.

அளவு

பாதி வேலை இதுதான். 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காகச் செய்யும்போது, மூன்று மீட்டர் சுவர் சுமார் 35 மி.மீ. உயரம் வரும். கால் மீட்டர் உயரக் கல் 3 மி.மீ.கூட இருக்காது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் கை பெரிய கல்லாகத்தான் போடும். அப்புறம் பக்கத்தில் ஒரு மனித பொம்மையை நிறுத்தினால் கோட்டைச் சுவர் மாதிரி தெரியும். எனவே அந்தப் பொம்மையை முதலிலேயே பக்கத்தில் வைத்துக்கொண்டு கோடு போடுங்கள்.

வரிசை போடுதல்

குறுக்குக் கோடுகளைப் பென்சிலால் லேசாகப் போடுங்கள். ஒரு வரிசை 3 மி.மீ., அடுத்தது நான்கு, இன்னொன்று இரண்டரை என்று மாறி மாறி வரட்டும். கோடுகள் மட்டமாக இருக்க வேண்டும், தண்டவாளத்துக்கு இணையாக அல்ல. இந்தப் பாதையில் ஏற்றம் 12.5-க்கு 1 வரை போகிறது. அதாவது 30 செ.மீ. நீளத்தில் தண்டவாளம் 2.4 செ.மீ. ஏறிவிடும். கொத்தனார் பொதுவாக மட்டம் பார்த்துத்தான் கல் வைப்பார், ரயில் ஏறுகிறது என்று கல்லையும் சாய்க்க மாட்டார். ஆகவே முதலில் மட்டமாகக் கோடு, பிறகு மேல் விளிம்பைச் சரிவாக வெட்டுவது.

இனி செங்குத்துக் கோடுகள். மேல் வரிசை மூட்டுக்கு நேர் கீழே அடுத்த வரிசை மூட்டு வரக்கூடாது. கல்லின் நீளம் 3 முதல் 7 மி.மீ. வரை கலந்து இருக்கட்டும். மூலையில் பெரிய கற்கள், ஒன்று விட்டு ஒன்று நீட்டியும் குறுக்கியும். பென்சில் கோட்டின் மேல் பேனாவால் அழுத்திக் கீறுங்கள்.

கல்லுக்கு முகம்

அங்கங்கே ஒரு கல்லைப் பேனா முனையால் லேசாக உள்ளே அழுத்துங்கள். ஃபாயிலைக் கசக்கி உருண்டையாக்கி, சுவர் முழுக்க ஒற்றி எடுத்தால் சொரசொரப்பு வந்துவிடும். மங்கிப்போன மூட்டுகளை மறுபடி ஒருமுறை கீறிக்கொள்ளுங்கள். அடியில் 2 செ.மீ.க்கு ஒன்றாகப் பல்குச்சியால் ஓட்டை போடுங்கள். சுவருக்குப் பின்னால் தேங்கும் மழைத்தண்ணீர் வடிய நிஜச் சுவரிலும் இது உண்டு.

வண்ணம்

ஸ்பிரே பெயிண்ட் பக்கமே போகாதீர்கள், ஃபோம் கரைந்துவிடும். கறுப்பும் பழுப்பும் கலந்த அக்ரிலிக்கில் கொஞ்சம் ஃபெவிகால் விட்டு முதல் பூச்சு. காய்ந்ததும் கருஞ்சாம்பல், மூட்டுக்குள் இறங்காமல். நீலகிரிப் பாறை பெரும்பாலும் சார்னகைட், நீலம் ஓடிய அடர் சாம்பல் நிறம். அதனால் வெளிர் சாம்பல் இங்கே பொருந்தாது. ஐந்தாறு கல்லுக்கு ஒன்றைச் சற்றே வேறு சாயலில் தீட்டுங்கள். கடைசியாக, பிரஷ்ஷைத் துணியில் துடைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில் வெளிர் நிறத்தை மேலாகத் தடவினால் கல்லின் விளிம்புகள் எழுந்து நிற்கும். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கட்டம் இது.

ஓட்டைகளுக்குக் கீழே நீர்த்த கரும்பச்சையில் ஒரு கறை இழுத்துவிடுங்கள். இந்தப் பாதையில் வரும் கல்லாறு பக்கத்துச் சுவரைப் பாசி இல்லாமல் செய்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

பொருத்துதல்

சுவரை நேராக நிறுத்தாமல், மேல் விளிம்பு 4 மி.மீ. மலைப்பக்கம் சாயும்படி வையுங்கள். ஃபெவிகால் போடுவதற்கு முன் உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியை வளைவில் கையால் தள்ளிப் பாருங்கள். உரசினால் சுவரை இன்னும் பின்னால் தள்ளி ஒட்டுங்கள். பின்பக்க இடைவெளியைக் கசக்கிய காகிதத்தால் நிரப்பி, மேலே காயவைத்த பழைய டீத்தூளை ஒட்டினால் மண்ணாகிவிடும்.